சிறு நகர உணவகத்தில் புது டிரெண்ட் ஐட்டத்தைச் சேர்ப்பது எப்படி

பெருநகரத்தில் சக்கைபோடு போடும் ஒரு ஐட்டத்தைப் பார்த்ததும் நம் மெனுவிலும் சேர்த்துவிடத் தோன்றும். சேர்க்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

உங்கள் உணவகத்துக்கு மாதம் 1,200 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள் நாலு தடவை வந்தாலும் ஒருவர் என்றே எண்ணுங்கள். அவர்களில் கால்வாசிப் பேர் புது ஐட்டத்தை ருசி பார்த்தால் 300 தட்டு. ஆர்வமுள்ளவர்கள் முதல் மூன்று வாரத்திலேயே வந்துவிடுவார்கள் என்பதால் நாளுக்கு 14 தட்டு போகும். கல்லாவில் இருப்பவருக்கு இது அமோக வெற்றியாகத் தெரியும். அந்த 300 பேரில் ஐந்தில் ஒருவர், அதாவது 60 பேர், மாதம் ஒருமுறை மறுபடி கேட்டால், நான்காம் வாரத்திலிருந்து நாளுக்கு 2 தட்டுதான். பெருநகரத்தில் தினமும் புதுமுகங்கள் வந்து அந்த இடத்தை நிரப்புவார்கள். சிறு நகரத்தில் ருசி பார்க்க வேண்டியவர்கள் மூன்று வாரத்தில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். 14-ஐ நம்பி மெஷின் வாங்கியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். இனி வரும் எல்லா அளவும் அந்த 2-ஐ மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

எதைத் தேர்ந்தெடுப்பது

புது ஐட்டத்துக்காக வாங்கும் புதுச் சரக்கு இரண்டுக்கு மேல் போகக் கூடாது. அந்த இரண்டும் மெனுவில் ஏற்கெனவே உள்ள வேறு இரண்டு ஐட்டத்திலாவது செலவாக வேண்டும். தேனில் மிளகாய் சேர்த்துக் காய்ச்சும் சாஸ் இதற்குப் பொருத்தமான உதாரணம்: வறுத்த கோழி, பீட்சா, சாண்ட்விச் என்று எதிலும் ஊற்றலாம், டிரெண்ட் ஓய்ந்தாலும் பாட்டில் வீணாகாது. சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷின் இதற்கு நேர் எதிர். நாளுக்கு 2 கப் போனாலும் 200 கப் போனாலும் அதைப் பிரித்துக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யும் வேலை ஒன்றுதான். கருவி வாங்கியே தீர வேண்டிய டிரெண்டை முதல் சுற்றில் தொடாமல் விடுவது நல்லது.

அடுத்து, அடுப்பைப் பாருங்கள். ஒரு ஐட்டம் ஒரு தடவைக்கு 2 தட்டு, 6 நிமிடம் என்றால் அந்த அடுப்பில் மணிக்கு 20 தட்டுதான் வரும். 8 நிமிடம் ஆனால் 15. கூட்ட நேரத்தில் அதே அடுப்பில் ஏற்கெனவே ஓடும் ஐட்டம் எத்தனை என்று எழுதிப் பார்த்தால் இடம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இடமில்லை என்றால் புது ஐட்டம் தாமதமாவதோடு நிற்காது, பழைய ஐட்டங்களையும் தாமதப்படுத்தும். வழக்கமாக வருபவர்கள் முகம் சுளிப்பது அதற்குத்தான்.

விலை

கிலோ விலையை வைத்துக் கணக்குப் போட்டால் நிச்சயம் தப்பாகும். எலும்பில்லாத கோழி 1 கிலோ வாங்கிக் கொழுப்பும் சவ்வும் நீக்கினால் 900 கிராம் நிற்கலாம். வேகும்போது அதில் ஏறக்குறைய கால் பங்கு நீராகப் போகும். தட்டுக்கு வருவது 675 கிராம். கிலோ 400-க்கு வாங்கிய கோழியின் உண்மை விலை 400-ஐ 0.675-ஆல் வகுத்தால் வரும் 593. ஒவ்வொரு முக்கியச் சரக்குக்கும் இப்படி ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். எண்ணெய், சாஸ் கிண்ணம், பார்சல் டப்பா, டிஷ்யூ எல்லாம் இதில் சேர வேண்டும்.

மூலப்பொருள் செலவு விற்பனை விலையில் 28 முதல் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். செலவு 30, விலை 100 என்றால் கையில் நிற்பது 70. செலவு 80, விலை 200 என்றால் சதவீதம் 40 ஆகிறது, ஆனால் நிற்பது 120. இரண்டுக்கும் அடுப்பில் ஒரே நேரம் ஆகுமானால் இரண்டாவதுதான் கடைக்கு நல்லது.

சமையலறைச் சோதனை

ரெசிபியை கரண்டிக் கணக்கில் எழுதாமல் கிராமில் எழுதுங்கள். பிறகு ரெசிபியை உருவாக்கியவர் ஒதுங்கி நிற்க, வேறொருவர் அந்தச் சீட்டை மட்டும் பார்த்து 5 தட்டு செய்யட்டும். ஐந்தும் எடையிலும் ருசியிலும் ஒன்றாக வந்தால் சீட்டு சரி. வராவிட்டால் ரெசிபி இன்னும் ஒருவர் கையில்தான் இருக்கிறது, அவர் விடுப்பு எடுக்கும் நாளில் புகார் வரும்.

பொரிக்கும் ஐட்டம் என்றால் எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். அவசரத்தில் கூடையை நிரப்பினால் வெப்பம் சட்டென்று இறங்கி, மேல்புறம் மொறுமொறுப்பதற்குள் உள்ளே எண்ணெய் ஏறிவிடும். எண்ணெய்க்கு நேர் மேலே உப்புத் தூவும் பழக்கத்தையும் விடுங்கள், அது எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். உருண்டையைக் கல்லில் நசுக்கிச் செய்யும் பர்கர் என்றால் வைத்த முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்திவிட வேண்டும். கொழுப்பு உருகிய பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லுக்குப் போய்விடும்.

பார்சலுக்குத் தனிச் சோதனை உண்டு. கட்டி, மூடி, 30 நிமிடம் வைத்துவிட்டுத் திறந்து சாப்பிடுங்கள். பொரித்தது நமுத்திருந்தால் டப்பாவில் ஆவி வெளியேற ஓட்டை வேண்டும், சாஸ் தனிக் கிண்ணத்தில் போக வேண்டும், பச்சைக் காய் சூடானதோடு ஒட்டக் கூடாது. இழுத்தால் நூலாக வரும் சீஸ் ஆறியதும் இறுகிவிடும். படத்தில் அழகாக இருப்பதால் மட்டும் அதைப் பார்சலில் விற்காதீர்கள், மேசைக்கு மட்டும் என்று எழுதிவிடலாம்.

இதில் விட்டுக்கொடுக்க முடியாதவை

புது ஐட்டத்தில் ஆபத்து வருவது பெரும்பாலும் பழகாத பண்டத்தால்தான். பூண்டு போட்ட எண்ணெயை அறை வெப்பத்தில் பாட்டிலில் வைத்திருப்பது மிகப் பெரிய தவறு. காற்றில்லாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். நச்சு உண்டானாலும் ருசியிலோ வாசனையிலோ தெரியாமல் போகலாம். குறைவாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடியுங்கள், மிஞ்சினால் கொட்டுங்கள். மயோனைஸ் கடையிலேயே செய்வதானால் பாஸ்சுரைஸ் செய்த, அதாவது கிருமி சாகும்படி மிதமான சூட்டில் பதப்படுத்திய முட்டை மட்டும்.

கிண்ணத்தில் பரிமாறும் சோற்று ஐட்டங்களில் சோறுதான் கவனிக்க வேண்டியது. வெந்த சோறு வெளியே கிடந்தால் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமி பெருகி நச்சை விடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. பொதுவாக 5 முதல் 60 டிகிரிக்கு இடைப்பட்ட வெப்பத்தில் எந்தச் சமைத்த உணவும் நிற்கக் கூடாது. ஆற வைக்கும்போது 60-இலிருந்து 21-க்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்திலும் இறங்க வேண்டும். ஆழமான அண்டாவில் இது நடக்காது. 5 சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் தட்டையான டிரேயில் பரப்புங்கள். வேக வைக்கும்போது கோழி உள்ளே 74 டிகிரி, அரைத்த மாட்டிறைச்சி 71 தொட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று இருந்தால் போதும்.

எள், வேர்க்கடலை, முட்டை, பால், சோயா போன்றவை புதிதாக உள்ளே வந்தால் பில் போடுபவருக்கும் பரிமாறுபவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ள ஒருவர் வருடக்கணக்காக நம்பிச் சாப்பிட்ட பழைய ஐட்டம், புது ஐட்டத்தோடு ஒரே எண்ணெய்ச் சட்டியைப் பகிர்வதால் அவருக்கு ஆபத்தாகலாம்.

விற்றுப் பார்ப்பது

மெனு அட்டையில் அச்சிட வேண்டாம், தனிச் சீட்டு போதும். நாளுக்கு 15 தட்டு என்று எல்லை வைத்து, கூட்டம் குறைந்த நாட்களில் தொடங்குங்கள். தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். தினமும் நாலு விஷயம் எழுத வேண்டும்: விற்ற தட்டு, அதில் இரண்டாம் முறை கேட்டவர்கள், தட்டில் மிச்சம் வைத்த பகுதி, அன்று விற்பனை இறங்கிய பழைய ஐட்டம். சிறு நகரத்தில் முகம் தெரியும் என்பதால் இரண்டாவதை எண்ணுவது எளிது, பில்லில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

நாலாவதைத்தான் பலரும் எழுதுவதில்லை. புது ஐட்டம் 15 விற்று, ஒவ்வொன்றிலும் 60 நிற்கிறது என்றால் வரவு 900. அதே நாளில் பழைய ஐட்டம் 14 குறைந்து, அதில் ஒவ்வொன்றுக்கும் 70 நின்றிருக்குமானால் இழப்பு 980. அடுப்படி கூடுதலாக உழைத்ததற்குக் கடைக்குக் கிடைத்தது 80 நஷ்டம்.

எட்டு வாரம் ஓட விடுங்கள். முதல் நாலு வாரத்துக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை பாருங்கள். அந்த விற்பனையில் பாதிக்கு மேல் மறுமுறை கேட்டவர்களாக இருந்தால் மெனுவில் அச்சிடலாம். விற்பனை குறைவு, ஆனால் தட்டுக்கு நிற்கும் தொகை அதிகம் என்றால் பெயரையும் மெனுவில் அதன் இடத்தையும் மாற்றி இன்னொரு மாதம் பாருங்கள். இரண்டும் குறைவு என்றால் எடுத்துவிடுங்கள்.

எடுப்பதற்கும் முறை இருக்கிறது. புதுச் சரக்கின் ஆர்டரை முதலில் நிறுத்துங்கள், இருப்பதை மற்ற இரண்டு ஐட்டத்துக்குத் திருப்புங்கள், கடைசி நாளை ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டுங்கள். சாஸை மட்டும் கேட்டு யாராவது வந்தால் அதைக் கூடுதல் கிண்ணமாகத் தனி விலைக்கு விற்கலாம்.