இலங்கை மலையகத்தில் ஈரலும் குடலும்: வாங்கும்போதும் வைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஆட்டுக்கு ஓர் ஈரல்தான். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், அன்று அறுத்த ஆடுகளின் எண்ணிக்கைக்கு மேல் ஈரல் கடைக்கு வராது. ஆட்டையும் மாட்டையும் அறுப்பது சதைக்காக. ஈரல், குடல், தலை, கால் எல்லாம் அதோடு கூட வருபவை. நாம் கேட்கிறோம் என்பதற்காக இவற்றின் வரத்து கூடாது. இதை மறந்துவிட்டு விலையை மட்டும் பார்ப்பதால்தான் பலருடைய கணக்கு பிசகுகிறது.

முதல் தவறு, தீபாவளிக் கிழமை விலையைப் பார்த்துவிட்டு ‘இனி ஈரல் நமக்கு எட்டாது’ என்று முடிவு கட்டுவது. பண்டிகை முற்பணம் கைக்கு வந்ததும் தோட்டங்களில் சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, வரிசை வீடுகளான லயத்துப் பக்கத்திலேயே அறுத்துக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் சதை, எலும்பு, கொழுப்பு, கொஞ்சம் குடல், ஒரு துண்டு ஈரல் என்று சமமாக விழ வேண்டும். ஈரலை நறுக்கும்போது எல்லோருடைய கண்ணும் அந்தக் கத்தி மேல்தான் இருக்கும். இப்படி வாசலிலேயே பங்காகிப் போகிற ஈரலும் குடலும் டவுன் கடையை எட்டிப் பார்ப்பதே இல்லை. கேட்பவர்கள் கூடுகிற அதே நாளில் கடைக்கு வருவது குறைகிறது. அந்த விலையை வைத்து வருடம் முழுவதற்கும் கணக்குப் போட முடியாது.

பௌர்ணமி நாளான போயா தினமும் அப்படித்தான். அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், வெசாக் காலத்தில் அந்த அடைப்பு இன்னும் நீளும். மறுநாள் காலையில் தட்டில் இருக்கிற ஈரல் எப்போது அறுத்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். புது ஈரல் ஈரப் பளபளப்போடு இருக்கும், விரலால் அழுத்தினால் மேலெழும். ஓரம் காய்ந்து, பிசுபிசுத்து, புளித்த வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

மாடு, ஆடு, பன்றி, கோழி நான்கையும் ஒரே வரத்தாக நினைப்பது அடுத்த பிழை. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, தடையும் வேறு. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்ய அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது, மாட்டுக் குடலே இனிக் கிடைக்காது என்று பேசினார்கள். மாட்டிறைச்சிக் கடைகள் அதற்குப் பிறகும் நடக்கின்றன. 2022 டிசெம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் கடுங்குளிரில் கால்நடைகள் செத்தபோது, அங்கிருந்து மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி கொண்டுவருவதைச் சில நாட்கள் நிறுத்தினார்கள். 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அடிபட்டது பன்றி. அந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது, ஆனாலும் பன்றி ஈரல் வாங்கிப் பழகிய வீடுகள் வேறு பக்கம் திரும்ப வேண்டி வந்தது. 2025 நவம்பரில் டிட்வா புயலோடு மலைப் பாதைகள் சரிந்தபோது எதுவுமே மேலே ஏறவில்லை. நோய், சட்டம், பாதை எனத் தடை எதுவென்று தெரிந்தால்தான் தட்டுப்பாடு ஒரு கிழமைக்கா, ஒரு வருடத்துக்கா என்று ஊகிக்க முடியும்.

எங்கள் பக்கத்தில் நின்று நிலைத்த மாற்றம் என்றால் அது கோழி ஈரல்தான். ஆட்டீரல் விசேஷ நாளுக்கு ஒதுங்க, புரொயிலர் கோழியின் ஈரலும் இரைப்பையும் வாரநாள் கறியாகிவிட்டன. அதிலும் நிறைய உறையவைத்த பைக்கற்றாக வருவது. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நுவரெலியாக் குளிரே ஒரு பிரிட்ஜ் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பைக்கற்றைக் குசினி ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிரிட்ஜின் உள்ளே 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நுவரெலியாவிலும் பகலில் 18, 20 பாகை வரை ஏறும், அடுப்பெரிகிற குசினியில் இன்னும் கூட. கிருமி பெருக அது தாராளமாகப் போதும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி அன்றைக்கே சமைப்பதுதான் சரி. இருக்கிற வீட்டிலும் ஈரல் இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். உருகியதை மறுபடி உறையவைக்கவும் வேண்டாம்.

கோழி ஈரலை மிருதுவாக இருக்கட்டும் என்று நடுவில் சிவப்போடு இறக்கவும் கூடாது. வயிற்றுப்போக்கைத் தருகிற கம்பைலோபக்டர் கிருமி ஈரலின் உள்ளேயும் இருக்கலாம். மேலே வறுபட்டால் மட்டும் அது சாகாது.

கொல்களத்தில் அறுப்பதைக் கால்நடை வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பார்க்க ஏற்பாடு உண்டு. லயத்தில் அறுக்கும் ஆட்டுக்கு நம் கண்தான் பரிசோதனை. ஈரலை நாலாக வெட்டிப் பாருங்கள். நீர் நிறைந்த கட்டிகளோ, தடித்துக் குழாய் போலான பித்த நாளங்களோ, அதற்குள் இலை வடிவத் தட்டைப் புழுவோ தெரிந்தால் அந்த ஈரலைச் சமைக்க வேண்டாம். அதை நாய்க்கு எறிவதுதான் பெரிய தவறு. அந்த நீர்க்கட்டி நாடாப்புழுவின் குஞ்சுப் பருவமாக இருக்கலாம். நாயின் குடலில் அது வளர்ந்து, முட்டைகள் எச்சத்தோடு முற்றத்தில் விழுந்து, விளையாடுகிற பிள்ளைகளின் கைவழியே வாய்க்குப் போகும். பிறகு அதே கட்டி பிள்ளையின் ஈரலில் வரலாம். ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். ஓடையில் வீசினால் கீழ் லயத்தில் தண்ணீர் பிடிப்பவர்களுக்குத்தான் போகும்.

பித்தப்பையை ஈரலோடு இழுக்காமல் சுற்றிக் கத்தி போட்டு எடுங்கள். உடைந்தால் பச்சை பட்ட இடத்தை உடனே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டி முழுக்கக் கசக்கும். குடலைக் கொதிக்கிற தண்ணீரில் நெடுநேரம் போட்டுவைக்கக் கூடாது. குடலோடு வரும் இரைப்பையின் கறுப்புத் தோல் இறுகிப்போய்ச் சுரண்ட வராது. கை பொறுக்காத சூட்டில் முக்கி எடுத்து, கத்தி முதுகால் சுரண்டி, அப்புறம் உப்பும் மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவினால் போதும்.

கடைசியாக, கர்ப்பிணிகள். ‘ரத்தம் ஊறும்’ என்று மாமியார்மார் அன்போடு தினமும் ஈரல் சமைத்துக் கொடுப்பதைப் பார்க்கிறேன். 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு உண்டு என்பது உண்மை. ஆனால் 100 கிராம் மாட்டீரலில் விற்றமின் ஏ சுமார் 5000 மைக்ரோகிராம். ஈரலில் இருக்கிற இந்த வகை விற்றமின் ஏ நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராமுக்கு மேல் போவது வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. அதனால்தான் பிரித்தானிய சுகாதார சேவை கர்ப்பிணிகளை ஈரலை முற்றாகத் தவிர்க்கச் சொல்கிறது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தவறாமல் போட்டு, கீரை, பருப்பு, நெத்தலி சாப்பிடலாம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பின் இரும்பு உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். யூரிக் அமிலத்தால் மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கும் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் ஒத்துவராது. அவர்களுடைய கூறில் சதையைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிடலாம்.