ராணுவத்துல உயிர் போனா ஜனாதிபதி மேல கேஸ் போட முடியுமா? சேலத்துல இருக்கறவங்க என்ன பண்ணலாம்

முடியாதுங்க. எல்லையில எதாச்சும் நடந்தா போதும், முப்படைக்கும் தலைவர் ஜனாதிபதி தானே, அவர் மேலயே போட்டா என்னன்னு கேக்கறாங்க. தலைவர்ங்கறது நெசந்தான், அரசியல் சட்டம் 53ல இருக்கு. ஆனா 361னு ஒண்ணு இருக்கே, பதவியில செஞ்ச எதுக்கும் அவர் எந்தக் கோர்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல, பதவியில இருக்கற வரைக்கும் கிரிமினல் கேஸும் ஓடாது. சொந்த விவகாரம், கடன் கிடன்னா சிவில் கேஸ் போடலாம், அதுக்கும் 2 மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் தரணும். பிரதமருக்கு இந்த 361 கவசம் கிடையாது, அதுக்காக அவர் பேர எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல, பணம் தர வேண்டியது அரசாங்கம் தானே.

அமெரிக்காவுலயும் இதே கதை தான். 1982ல நிக்சன் கேஸ்ல, பதவியில செஞ்சதுக்கு அதிபர் கிட்ட நஷ்டஈடு கேக்க முடியாதுன்னுட்டாங்க, 1950 ஃபெரஸ் தீர்ப்புப்படி டியூட்டில அடிபட்ட சிப்பாய் அரசாங்கத்து மேல கூட போட முடியாது. பிரிட்டன்ல மட்டும் 2013ல, ஈராக்ல செத்த வீரர்களோட குடும்பங்க பாதுகாப்பு அமைச்சகத்து மேல கேஸ் நடத்தலாம்னு கதவ திறந்துவிட்டாங்க.

சரி, நம்மூருக்கு வருவோம். எதிர்மனுதாரர் பேர் 'யூனியன் ஆஃப் இந்தியா', பாதுகாப்புத் துறை செயலாளர் மூலமா. 361லயே அரசாங்கத்து மேல போடறத தடுக்கலன்னு சேத்து எழுதியிருக்கு. நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸ்னா சிபிசிங்கற சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுல செயலாளருக்கு நோட்டீஸ் அனுப்பி 2 மாசம் காத்திருந்து போடணும். ஆனா ராணுவம் நடத்தறது அரசோட இறையாண்மை வேலை, அதுல நடந்ததுக்கு நஷ்டஈடு கேக்க முடியாதுன்னு 1965 கஸ்தூரிலால் தீர்ப்ப தூக்கிட்டு வருவாங்க, வருஷக்கணக்கா இழுக்கும், என்னைக் கேட்டா இந்தப் பக்கம் போகாதீங்க.

உண்மையான சண்டை பென்ஷன்ல தான் இருக்கு. முதல்ல ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல இருந்து (மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன்) வந்த பேப்பர எடுத்து, 'பேட்டில் கேஷுவாலிட்டி'ன்னு (போர், எல்லை நடவடிக்கையில போன உயிர்) போட்டிருக்கா 'பிசிகல் கேஷுவாலிட்டி'ன்னு (மத்தபடி நோய், விபத்துல போனது) போட்டிருக்கான்னு பாருங்க. சாதாரண குடும்ப பென்ஷன்னா சம்பளத்துல 30 சதவீதம், ராணுவ வேலையால தான் இறந்தாருன்னு ஒத்துக்கிட்டா கிடைக்கற ஸ்பெஷல்னா 60, பேட்டில் கேஷுவாலிட்டிக்குக் கிடைக்கற லிபரலைஸ்டுன்னா கடைசியா வாங்குன சம்பளம் முழுசா, அந்த ஒரு வரியில ஒரு குடும்பத்தோட ஆயுசுக்கான சாப்பாடே இருக்கு. குண்டு பட்டு செத்தா யாரும் வாதாட மாட்டாங்க, குளிர்ல, மாரடைப்புல, ரோந்து போறப்ப போன உசுருக்குத் தான் தகராறு. எல்லைக் கோட்டுகிட்ட ரோந்துல கடுங்குளிர்ல மாரடைப்பு வந்து இறந்த ஒரு நாயக்கோட (ராணுவத்துல ஒரு பதவி) மனைவிக்கு ஆயுதப்படை தீர்ப்பாயம் (படைவீரர் வழக்குகளுக்குன்னு இருக்கற கோர்ட்) லிபரலைஸ்டு பென்ஷன் குடுக்கச் சொல்லுச்சு, அரசாங்கம் அதையும் எதுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2024 டிசம்பர்ல தோத்து அந்தம்மாவுக்கு 50,000 ரூபா செலவுத்தொகை வேற கட்டுச்சு. விதவைய இவ்ளோ தூரம் இழுத்தடிச்சதுக்கு அது போதாதுங்க.

வகை தப்பா இருந்தா மொதல்ல துறைக்குள்ளயே அப்பீல் எழுதுங்க, விசாரணை அறிக்கை காப்பி கேளுங்க, எழுதத் தெரியலன்னா சேலத்துல முன்னாள் படைவீரர் நல ஆபீஸ் இருக்கு, அங்க போய் கேளுங்க. மறுத்து கடைசி ஆர்டர் வந்துச்சுன்னா 6 மாசத்துக்குள்ள ஆயுதப்படை தீர்ப்பாயம், நமக்கு சென்னை பெஞ்ச், ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறுனா விடியக்காலைல சென்னை. லேட்டாயிருச்சேன்னு விட்றாதீங்க, பென்ஷன் மாசாமாசம் வர்ற உரிமைங்கறதால லேட்டா போனாலும் பெரும்பாலும் எடுத்துக்குவாங்க, என்ன, பாக்கி 3 வருஷத்துக்கு மேல கிடைக்கறது கஷ்டம், 2008ல சுப்ரீம் கோர்ட் அப்படி ஒரு கோடு போட்டுருச்சு. அங்கயும் தோத்தா ஹைகோர்ட்ல ரிட் (அரசாங்கத்தோட முடிவ எதுத்து போடற மனு) போடலாம்னு 2023ல தெளிவா சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு, சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப்ல இருந்தவங்க குடும்பம் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகாதீங்க, அது தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும் தான். நீங்க நேரா ஹைகோர்ட் ரிட்.