ஒளியால் மருந்தை விடுவிக்கும் நானோ துகள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடிப் பகுதி ஆய்வகங்களில் ஒளி பட்டதும் மருந்தை விடுவிக்கும் நானோ துகள்களைத் தயாரிக்கும் மாணவர்கள், கத்திரி வெயில் காலத்தில் லேசரைவிட முதலில் அறையின் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். வெப்பத்தில் இளகும் லிப்போசோம்களுக்கு (மருந்தை உள்ளடக்கும் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்கு) வழக்கமாக எடுக்கப்படும் டிபிபிசி என்ற கொழுப்பு, ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸில் நிலை மாறி, உள்ளே இருக்கும் மருந்தைக் கசியவிடும். வேலூரின் மே மாதப் பகல்களுக்கு அந்த வெப்பம் புதிதல்ல. குளிரூட்டி ஓடாத அறையிலோ, வெயிலில் நின்ற வண்டியிலோ தானாகக் கசிந்த மருந்தையும் ஒளியின் கணக்கில் எழுதிவிடுவதுதான் இத்துறையில் நேரும் பெரிய பிழை என்பேன். ஆகவே இருட்டில் வைத்த ஒரு மாதிரியும், ஒளி படாமல் அதே அளவுக்குச் சூடேற்றிய இன்னொரு மாதிரியும் ஒவ்வொரு சோதனையிலும் இருந்தாக வேண்டும். தங்க நானோ தண்டுகள் ஒளியை வெப்பமாக்குபவை என்பதால், அவற்றுக்கு இரண்டாவது மாதிரி இன்னும் அவசியம்.

நீரில் எளிதில் கரையாத மருந்துகளில் வேறொரு சிக்கலும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமினை ஏற்றிய துகள்களை, கரைந்த மருந்தை மட்டும் வெளியே விடும் நுண்துளை கொண்ட டயாலிசிஸ் பையிலிட்டு, பிஎச் அளவை மாறாமல் காக்கும் வெறும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் தொங்கவிட்டால், வெளிவந்த மருந்து கரைய வழியின்றிப் பைக்குள்ளேயே மஞ்சள் படிவாகத் தங்கிவிடும்; வெளியே அளப்பவருக்கோ துகள்கள் மருந்தை மெல்ல மெல்ல விடுவதாகத் தோன்றும். போதாக்குறைக்கு, 37 டிகிரியில் பிஎச் 7.2 அளவுள்ள தாங்கல் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் குர்குமினின் பெரும்பகுதி சிதைந்துபோகும். ஒளியும் அதைச் சிதைக்கும். மருந்து கரைய உதவும் ட்வீன் 80 போன்ற ஒன்றைக் கரைசலில் சேர்த்து, பையின் உள்ளும் புறமும் எஞ்சிய மருந்தை எச்பிஎல்சியில் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறையில்) அளந்து கூட்டி, ஏற்றிய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அலைநீளத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி குப்பியில் சிறப்பாக வேலை செய்யும்; தோலில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக்கூட அது எட்டாது. 980 நானோமீட்டர் ஒளியை நீரே உறிஞ்சிச் சூடாகிவிடும்.

ஒளியின் அளவை முழுமையாக எழுதாமல் விடுவது கடைசித் தவறு. லிப்போசோமில் அடைத்துக் கண் நோய்க்குத் தரப்படும் வெர்டிபோர்ஃபினும் நீரில் எளிதில் கரையாத மருந்தே. அதற்கு 689 நானோமீட்டர் ஒளி, சதுர சென்டிமீட்டருக்கு 600 மில்லிவாட், 83 நொடி என்று எல்லாமே வரையறுக்கப்பட்டுள்ளன. ‘லேசர் ஐந்து நிமிடம் காட்டப்பட்டது’ என்று மட்டும் எழுதினால், அச்சோதனையை வேறொருவர் திரும்பச் செய்ய வழியில்லை.