கழுத்துவலியும் தலையணையும்: உயரத்தில்தான் கோட்டை விடுகிறோம்

காலையில் எழும்போது கழுத்து ஒரு பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் நடமாடியதும் இளகிவிடுகிறது. தினமும் இப்படியென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தலையணையைத்தான்.

வாங்கும்போது கையால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் எடுத்துக்கொள்கிறோம். முதல் தவறு அதுதான். தலையின் எடை சுமார் 5 கிலோ. அதைத் தாங்கிய பிறகு மிஞ்சும் உயரம்தான் கணக்கு. பார்வைக்கு உப்பலாக இருக்கும் ஃபைபர் தலையணை பாதியாக அமுங்கிவிடலாம். அதைவிடத் தட்டையான லேடெக்ஸ் தலையணை அவ்வளவாக அமுங்காது. ஆகவே படுத்துப் பார்த்தே வாங்குங்கள்.

எவ்வளவு உயரம் வேண்டும்? ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். பலருக்கு அது 10 முதல் 14 செ.மீ. மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடக் குறைவாகவே போதும். மெத்தையையும் மறந்துவிடாதீர்கள். மெத்தை மென்மையாக இருந்தால் தோள் உள்ளே அமிழும், தலையணை உயரம் குறைய வேண்டும். மெத்தை மாற்றிய பிறகு பழைய தலையணையே வலி கொடுக்கத் தொடங்குவது இதனால்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒருக்களித்துப் படுத்து, பின்பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியும் முதுகுத்தண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தலை மெத்தைப் பக்கம் சரிந்திருந்தால், துண்டை மடித்து உறைக்குள் தலையணைக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டுங்கள். தலை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் தலையணை அதிக உயரம். மல்லாந்து படுப்பவர், கழுத்துக்கு அடியில் வெற்றிடம் இருந்தால், கைத்துண்டைச் சுருட்டி உறையின் கீழ் விளிம்பில் செருகலாம்.

இரண்டு தலையணைகளை அடுக்கி மல்லாந்து படுப்பதை விட்டுவிடுங்கள். முகவாய் நெஞ்சை நோக்கி மடங்கி, பிடரித் தசைகள் இரவெல்லாம் இழுபட்டபடி இருக்கும். மூச்சுப்பாதையும் குறுகுவதால் குறட்டை கூடும், தூக்கம் அறுபடும். நெஞ்செரிச்சலுக்காக உயர்த்த வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களையே உயர்த்துங்கள்.

தோளையும் தலையணைமேல் ஏற்றிவைப்பது இன்னொரு பழக்கம். அப்போது தலையும் தோளும் சேர்ந்தே உயரும், கழுத்துக்குத் தாங்கல் கிடைக்காது. தலையணையின் விளிம்பு தோளைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

குப்புறப் படுப்பவருக்கு எந்தத் தலையணையும் முழுத் தீர்வு இல்லை. மூச்சுவிடக் கழுத்தை மணிக்கணக்கில் ஒரே பக்கம் திருப்பி வைத்தாக வேண்டும். நீளமான தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துப் பழகுங்கள். அதுவரை தலைக்கு மிக மெல்லியது, அல்லது ஒன்றுமே வேண்டாம்.

பழையதை விடாமல் வைத்திருப்பதும் தவறுதான். ஃபைபர் தலையணையை இரண்டாக மடித்து அழுத்தி விடுங்கள். மீண்டும் விரியாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பெரும்பாலும் 1–2 ஆண்டுகள்தான். இலவம் பஞ்சு கட்டிதட்டினால், பிரித்து அடித்து மீண்டும் நிரப்பலாம்.

புதுத் தலையணையை இரண்டே நாளில் ஒதுக்கிவிடாதீர்கள். கழுத்து பழக ஓரிரு வாரம் ஆகலாம். வலி நாளுக்கு நாள் கூடினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். கை மரத்துப்போதல், விரல்களில் பிடிமானம் குறைதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், அடிபட்ட பின் வந்த வலி ஆகியவை தலையணை விவகாரமே அல்ல. தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.