ஜப்பானிய ராணுவ வாளை இனம் காண, முதலில் பிடியைப் பாருங்கள்

பழைய ஜப்பானிய வாள் கைக்கு வந்ததும் எல்லாரும் அலகை உருவிப் பார்க்கிறார்கள். ஆனால் இது எந்தக் காலத்து வாள், யார் இடுப்பில் தொங்கியது என்பதைப் பிடியும் உறையும்தான் முதலில் சொல்லும்.

விரல்களை மறைக்கும் வளைந்த கைக்காப்பு இருந்தால் அது ஐரோப்பிய பாணி. ராணுவ அதிகாரிகள் 1934க்கு முன் இப்படித்தான் அணிந்தார்கள், போலீஸும் இந்தப் பாணியையே அணிந்தது. பிடியின் முதுகுத் தகட்டைப் பாருங்கள்: செர்ரிப்பூ என்றால் ராணுவம், சூரியக்கதிர் முத்திரை என்றால் போலீஸ். போலீஸ் வாள்களில் பலவற்றின் அலகு மெல்லியது, முலாம் பூசியது, கூர் தீட்டாதது.

நாடா சுற்றிய பிடியும் தட்டையான சுபாவும் (கைக்காப்புத் தகடு) இருந்தால் ‘ஷின் குன்தோ’, அதாவது புதிய ராணுவ வாள். உறையில் தொங்கவிடும் வளையம் இரண்டு என்றால் 1934இன் 94ஆம் வகை, ஒன்று என்றால் 1938இன் 98ஆம் வகை. 94இன் இரண்டாம் வளையத்தைக் கழற்றிவிடலாம் என்பதால் வளையத்தை மட்டும் எண்ணி முடிவுகட்டாதீர்கள். கடற்படையின் 1937 வாளிலும் வளையம் இரண்டுதான்.

ஏமாறுவது அதிகம் 95ஆம் வகையில்தான். 1935இல் வந்த, அதிகாரி அல்லாதோருக்கான வாள் இது. பிடி பெரும்பாலும் வார்ப்பு உலோகம். நாடா சுற்றியதுபோல் அச்சிட்டு வண்ணம் பூசியிருப்பார்கள். அலகின் அடியில் குத்திய எண்ணும் உறையின் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். போலிகளில் எண்கள் கோணலாக, ஆழமின்றி இருக்கும்.

நாடாப் பிடி வாளானால் அடுத்தது நாககோ, அதாவது பிடிக்குள் புதைந்த அலகின் வால்பகுதி. அதைப் பார்க்க, பிடியை அலகோடு பூட்டும் மூங்கில் முளையை (ஆணியை) எடுக்கவேண்டும். முளையின் ஒரு முனை சிறுத்திருக்கும். அந்தப் பக்கம் மரக்குச்சி வைத்து மெல்லத் தட்டினால் முளை மறுபக்கம் வெளியே வரும். சுபாவின் இருபுறமும் உள்ள செப்பா வளையத் தகடுகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள். அவற்றில் குத்திய எண்கள் ஒத்துப்போனால் பாகங்கள் மாறவில்லை.

நாககோவில் ‘செக்கி’ அல்லது ‘ஷோவா’ முத்திரை இருந்தால் பொதுவாக அது பாரம்பரிய முறையில் அடித்த அலகல்ல. கொல்லன் கையொப்பம் மட்டும் பழமைக்குச் சான்றாகாது. நட்சத்திர முத்திரை, ராணுவம் ஏற்ற கொல்லர்களின் வேலை. நாககோவின் துருவைத் தேய்க்கவே கூடாது. கரும்பழுப்பாகப் படிந்த துருதான் வயதின் சாட்சி. உதிரும் செம்மஞ்சள் துரு சந்தேகத்துக்குரியது. பளபளப்பாக்கிவிட்டால் மதிப்பும் சாட்சியும் சேர்ந்தே போய்விடும்.

திரும்பப் பூட்டும்போது முளை தளர்ந்திருந்தால் புது மூங்கிலைச் சீவி இறுக்குங்கள். தளர்ந்த முளையோடு உருவினால் அலகு பிடியைவிட்டு நழுவி விழும்.