மவ்த்துக்கு (இறப்புக்கு) அப்புறம் இஸ்லாமிய முறையில சொத்து பங்கு போடுறது எப்படி? முதல்ல கால்குலேட்டர எடுக்காதீங்க

வீட்ல ஒருத்தர் மவ்த்தாயிட்டா கொஞ்ச நாள்லயே யாருக்கு எவ்வளவுன்னு பேச்சு ஆரம்பிச்சிடுது. நான் பார்த்தவரைக்கும் பாதி சண்டை, கணக்கை தப்பான இடத்துல இருந்து தொடங்குறதால வர்றது. எட்டுல ஒண்ணு, ஆறுல ஒண்ணுன்னு வாரிசுகளுக்கு பிரிக்கிறது எல்லாம் கடைசியில தான், அதுக்கு முன்னாடி கழிக்க வேண்டியது இருக்கு. (இங்க சொல்றது சுன்னி மத்ஹபுகளோட (சட்டப் பிரிவுகளோட) வழி, ஷியா சட்டத்துல சில இடங்கள்ல கணக்கே வேற மாதிரி போகும்.)

இறந்தவர் விட்டுட்டுப் போன எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. நிலம், வீடு, பணம், நகை, வண்டி, அவருக்கு வெளியில இருந்து வரவேண்டிய காசு எல்லாம். இதுல இருந்து முதல்ல மய்யித்தை (உடலை) குளிப்பாட்டி கஃபன் துணி சுத்தி அடக்கம் பண்ற செலவு போகும், அடுத்தது கடன். கடன்னா வெளிய வாங்குனது மட்டும்னு நெனச்சிடாதீங்க, மனைவிக்கு கொடுக்காம விட்ட மஹரும் (நிக்காஹ்ல கணவன் கொடுக்க வேண்டிய மணக்கொடையும்) கடன் தான். அதை முழுசா அவங்களுக்கு கொடுத்துட்டு தான் வாரிசுப் பங்கு பக்கமே வரணும், அவங்க பங்கு இது போக தனி. நிறைய வீட்ல இதை கேக்க யாருக்கும் வாய் வராது, அந்தம்மாவும் இத்தால (கணவன் இறந்த அப்புறம் காத்திருக்கிற காலத்துல) இருந்துட்டு எப்படி கேப்பாங்க? பிள்ளைங்க தான் எடுத்து சொல்லணும்.

கடன் போக மிச்சத்துல வஸிய்யத் (அவர் எழுதி வச்ச உயில்), அதுவும் மூணுல ஒரு பங்குக்குள்ள. நபித்தோழர் ஸஃது இப்னு அபீவக்காஸ் உடம்பு முடியாம இருந்தப்போ எனக்கு ஒரே மகள் தான், சொத்துல மூணுல ரெண்டை தர்மம் பண்ணிடவான்னு கேக்குறார், நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் வேண்டாம்னாங்க, பாதி? அதுவும் வேண்டாம், கடைசியில மூணுல ஒண்ணு, அதுவே அதிகம்னு சொன்னாங்க. இன்னொண்ணு, ஏற்கனவே பங்கு இருக்குற வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது, மத்த வாரிசுங்க மனசார ஒத்துக்கிட்டா தான் உண்டு. "வாப்பா வீட்டை பெரியவனுக்குன்னு எழுதி வச்சிருக்கார்"னு ஒரு காகிதம் வந்தா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ யார் யார் உயிரோட இருக்காங்கன்னு பாருங்க. கணவன் இல்ல மனைவி, தகப்பன், தாய், மகன், மகள், இவங்களை வேற எந்த சொந்தமும் வந்து தள்ளிவிட முடியாது. மத்தவங்க யார் இருக்காங்கங்கிறதை பொறுத்து வருவாங்க போவாங்க, உதாரணமா மகன் இருந்தா கூடப்பிறந்தவங்களுக்கு எதுவும் கிடையாது. இறந்தவரை கொன்னவருக்கு வாரிசுரிமை இல்ல. வளர்ப்புப் பிள்ளை வாரிசு ஆகாது, ஆனா வஸிய்யத் பண்ணலாம், பாசமா வளர்த்தவங்க உயிரோட இருக்கும்போதே அதை எழுதிடணும்.

அடிப்படை பங்குகள் குர்ஆன்ல அந்நிஸா அத்தியாயத்தோட 11, 12, 176 வசனங்கள்ல இருக்கு. பிள்ளை இருந்தா மனைவிக்கு எட்டுல ஒண்ணு, இல்லாட்டி நாலுல ஒண்ணு, கணவனுக்கு பிள்ளை இருந்தா நாலுல ஒண்ணு, இல்லாட்டி பாதி. பிள்ளை இருந்தா தாய்க்கு ஆறுல ஒண்ணு. மகன் இல்லாம ஒரே மகள்னா பாதி, ரெண்டோ அதுக்கு மேலயோ இருந்தா எல்லாருக்கும் சேர்த்து மூணுல ரெண்டு. மகனும் மகளும் சேர்ந்து இருந்தா அவங்களுக்கு தனி பின்னம் கிடையாது, மத்தவங்க பங்கு போன மிச்சத்தை ஆணுக்கு ரெண்டு பெண்ணுக்கு ஒண்ணுன்னு பிரிக்கணும்.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஒருத்தர் இறந்துட்டார், அவர் தகப்பனார் முன்னாடியே போயிட்டார், இருக்கிறது மனைவி, தாய், ரெண்டு மகன், ஒரு மகள். மொத்தத்தை 120 பங்குன்னு வச்சுக்கோங்க. மனைவிக்கு 15, தாய்க்கு 20, மிச்சம் 85. அதை அஞ்சாக்குனா ஒரு பாகம் 17, அப்போ மகனுக்கு ஆளுக்கு 34, மகளுக்கு 17. எல்லாத்தையும் கூட்டுனா 120 வரணும், வரலன்னா எங்கயோ தப்பு.

மகளுக்கு வர்ற அந்த 17 பத்தி கொஞ்சம் சொல்லணும். கல்யாணத்துல நகை போட்டாச்சே, அதுல கழிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. உயிரோட இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு, இது இறந்த நிமிஷத்துல அவளுக்கு சொந்தமானது, ரெண்டும் வேற வேற. உஹது போர்ல ஷஹீதான (உயிர்த்தியாகம் பண்ணுன) ஸஃது இப்னு ரபீஃயோட மனைவி ரெண்டு பெண் பிள்ளைங்களை கூட்டிட்டு வந்து, இவங்க சாச்சா (அப்பாவோட சகோதரர்) எல்லாத்தையும் எடுத்துக்கிட்டார்னு நபி கிட்ட முறையிட்டாங்க, அப்புறம் தான் வாரிசுரிமை வசனம் இறங்குச்சு. மகள்களுக்கு மூணுல ரெண்டு, மனைவிக்கு எட்டுல ஒண்ணு கொடுத்துட்டு மிச்சம் உனக்குன்னு அந்த சாச்சாவுக்கு தீர்ப்பாச்சு. 24 பங்குல மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, அவருக்கு 5. மொத்தத்தையும் வச்சிருந்தவர் கையில மிஞ்சுனது அவ்வளவு தான். தங்கச்சி விட்டுக்கொடுக்கணும்னா பங்கு அவ கைக்கு வந்த அப்புறம் அவளா கொடுக்கட்டும், முன்னாடியே கையெழுத்து வாங்குறது சரியே இல்ல.

சில சமயம் பங்குகளை கூட்டுனா ஒண்ணுக்கு மேல போகும், பயப்படாதீங்க. ஒரு பெண் இறந்து கணவனும் ரெண்டு கூடப்பிறந்த சகோதரிகளும் மட்டும் இருந்தா கணவனோட பாதி ஆறுல மூணு, சகோதரிகளோட மூணுல ரெண்டு ஆறுல நாலு, ரெண்டும் சேர்ந்து ஏழாயிடும், அப்போ மொத்தத்தையே ஏழா பிரிச்சு கணவனுக்கு மூணு, சகோதரிகளுக்கு நாலு. இதுக்கு பேரு அவ்ல், ரெண்டாவது கலீஃபா உமர் ரலியல்லாஹு அன்ஹு காலத்துல வந்த தீர்வு.

மகன் இருந்தா பேரப்பிள்ளைங்களுக்கு பங்கு வராது, முன்னாடியே இறந்த இன்னொரு மகனோட பிள்ளைங்களா இருந்தாலும் அப்படித்தான். அனாதையா நிக்கிற அந்த பிள்ளைங்களுக்காக எகிப்து 1946ல கட்டாய வஸிய்யத் சட்டமும், பாகிஸ்தான் 1961ல தனி சட்டமும் கொண்டு வந்தாங்க. உங்க குடும்பத்துல அப்படி பிள்ளைங்க இருந்தா தாத்தாவோ பாட்டியோ உயிரோட இருக்கும்போதே மூணுல ஒரு பங்குக்குள்ள எழுதி வைக்கச் சொல்லுங்க.

இறந்தவரோட மனைவி வயித்துல பிள்ளை இருந்தா அவசரப்பட்டு முடிச்சிடாதீங்க, பிறக்குற வரைக்கும் பொறுங்க, முடியலன்னா ஒரு ஆலிமை (மார்க்க அறிஞரை) வச்சு அந்த பிள்ளைக்கு கூடுதலா எவ்வளவு வரலாமோ அதை எடுத்து வச்சிட்டு மிச்சத்தை மட்டும் பிரிங்க. உயிரோட பிறந்தா அது அந்த பிள்ளையோடது.