முரியாஸ்: புதிய ஏற்பாட்டின் மிகப்பெரிய எண்சொல்லை நீங்களே ஆராய்வது எப்படி?

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் தனிச்சொல்லாக நிற்கும் எண்களில் மிகப் பெரியது முரியாஸ். பொருள் பத்தாயிரம். அதற்கு மேலே போகவேண்டுமென்றால் பெருக்கித்தான் சொல்லவேண்டும். நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் இந்த ஒரே சொல்லைப் பதினாயிரம், அநேகமாயிரம், ஆயிரமாயிரம், கோடி என்று இடத்துக்கு ஒரு விதமாகத் தருகிறது. அதனால் தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இவையெல்லாம் ஒரே சொல் என்பது தெரியாமலே போகிறது. கிரேக்கம் படிக்காதவர்களும் இதைத் தேடிப் பார்க்கலாம்.

படி 1: வசனங்களைத் திரட்டுங்கள்

ஸ்ட்ராங் எண்கள் (வேதாகமத்தின் ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் தரப்பட்ட வரிசை எண்கள்) உள்ள எந்த இணையதளத்திலும், செயலியிலும் கிரேக்கம் 3461 என்று தேடுங்கள். லூக்கா 12:1, அப்போஸ்தலர் 19:19, 21:20, எபிரெயர் 12:22, யூதா 14, வெளிப்படுத்தல் 5:11, 9:16 ஆகியவை வரும். அப்புறம் 3463 என்று தேடுங்கள். இது முரியோய், அதே குடும்பத்துப் பெயரடை. மத்தேயு 18:24, 1 கொரிந்தியர் 4:15, 14:19 கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தமிழ் வசனத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

படி 2: பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

முக்கியமான வேலை இதுதான். முரியாஸோடு வேறொரு எண்ணோ அளவோ சேர்ந்து நிற்கிறதா?

அப்போஸ்தலர் 19:19இல் நிற்கிறது. எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தவர்கள் அவற்றின் விலையைக் கூட்டிப் பார்க்கிறார்கள்: வெள்ளியில் ஐந்து முரியாஸ். ஐந்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. இது கணக்கு.

லூக்கா 12:1இல் அப்படி எந்த எண்ணும் இல்லை. ஒருவரையொருவர் மிதிக்கும் அளவுக்குக் கூடிய ஜனத்தின் முரியாஸ்கள், அவ்வளவுதான். யாரும் தலை எண்ணவில்லை. 'அநேகமாயிரம்' என்று தமிழில் போட்டது சரியான முடிவு என்பேன். அப்போஸ்தலர் 21:20உம் இதே வகை. அங்கே 'எத்தனை முரியாஸ்கள் பாரும்' என்று எருசலேமின் மூப்பர்கள் பவுலிடம் வியந்து சொல்கிறார்கள்.

படி 3: பணம் வந்தால் பெருக்கிப் பாருங்கள்

மத்தேயு 18:24இல், இயேசு சொன்ன ஓர் உவமையில், ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்பதை மத்தேயு 20:2 காட்டுகிறது. அப்படியானால் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஓய்வே இல்லாமல் உழைத்தாலும் 1,64,000 ஆண்டுகள் ஆகும்! கலிலேயாவும் பெரேயாவும் அவற்றை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்குத் தந்த வருமானமே ஆண்டுக்கு 200 தாலந்து என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அந்தக் கணக்கில் இது ஐம்பது ஆண்டு அரசு வருமானம்.

இங்கே எண்ணும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. ஆனாலும் இது கணக்குப் புத்தகம் அல்ல. மிகப்பெரிய எண்ணையும் மிகப்பெரிய பண அளவையும் இயேசு வேண்டுமென்றே ஒன்றாக வைக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அவனுக்கு இன்னொருவன் தரவேண்டியது வெறும் நூறு தெனாரியம். ஆறு லட்சத்துக்கு ஒன்று! ராஜா அவனுடைய கடன் முழுவதையும் மன்னித்துவிடுகிறார். மன்னிக்கப்பட்டவனோ அந்த நூறுக்காக இன்னொருவனின் தொண்டையை நெரிக்கிறான். பெருக்கிப் பார்க்காமல் இந்த உவமையின் கொடுமை முழுதாக உறைக்காது.

பவுலும் இப்படித்தான் எதிரெதிரே வைக்கிறார். அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிட, கருத்தோடு பேசும் ஐந்து வார்த்தைகளே மேல் என்கிறார்.

படி 4: பழைய ஏற்பாட்டுக்குத் திரும்புங்கள்

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலும் இந்தச் சொல் உண்டு. 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்ற பெண்களின் பாட்டு, ரெபெக்காளுக்குக் கிடைத்த 'கோடாகோடியாய்' பெருகும் ஆசீர்வாதம் (ஆதியாகமம் 24:60), இரண்டிலும் முரியாஸ்தான்.

ஆனால் தவறவிடக்கூடாத வசனம் தானியேல் 7:10. ஆயிரமாயிரம்பேர் அவரைச் சேவிக்கிறார்கள், கோடாகோடிபேர் அவருக்கு முன்பாக நிற்கிறார்கள். வெளிப்படுத்தல் 5:11இல் யோவான் அந்தக் காட்சியையே எடுத்து, வரிசையை மாற்றி, முரியாஸ்களின் முரியாஸ்கள், ஆயிரங்களின் ஆயிரங்கள் என்கிறார். தானியேல் கண்ட சிங்காசனத்துக்கு முன்பாக நின்ற கூட்டம் இங்கே ஆட்டுக்குட்டியானவரைப் பாடுகிறது. இதைப் பத்துக் கோடி என்று எழுதி முடித்துவிட்டால் அந்தத் தொடர்பு கைநழுவிப் போகும்.

வெளிப்படுத்தல் 9:16 கொஞ்சம் கடினம். இரண்டு, பத்தாயிரம், பத்தாயிரம், மூன்றையும் பெருக்கினால் இருபது கோடி. தமிழிலும் அப்படியே இருக்கிறது. 'அவைகளின் தொகையைச் சொல்லக்கேட்டேன்' என்று யோவானே சொல்வதால் வெறும் 'ஏராளம்' என்று தள்ளிவிட முடியாது. அதற்காக இன்றைய நாடுகளின் படைகளோடு ஒப்பிட ஓடவும் வேண்டாம். குதிரைகளுக்குச் சிங்கத் தலையும் வாயில் நெருப்பும் இருக்கும் காட்சி அது.

பயிற்சி

இதே படிகளைக் கிலியாஸ், அதாவது ஆயிரம் என்ற சொல்லுக்குச் செய்து பாருங்கள். வெளிப்படுத்தல் 7:4இல் 144 கிலியாஸ்கள் கோத்திரத்துக்குப் பன்னிரண்டாகத் துல்லியமாக எண்ணப்படுகின்றன. ஐந்து வசனம் தள்ளி, ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டம் நிற்கிறது. அங்கே யோவான் எந்த எண்ணையும் பயன்படுத்தவில்லை, முரியாஸைக்கூட.